ஒரு பணியும் இல்லாத வண்டி

கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் அந்தக் கறுப்பு வண்டியை என் முன் கொண்டுவந்து நிறுத்திய இளைஞர் சொன்ன முதல் வாக்கியம்: "ஒரு பணியும் இல்ல சேச்சீ, எடுத்து ஓடிச்சா மதி."

தமிழில் பணி என்றால் தொண்டு, கடமை, உத்தியோகம். மலையாளத்தில், அதுவும் ஒர்க்‌ஷாப் வாசலில், பணி என்றால் செலவு. வண்டிக்குப் பணி இருக்கிறது என்றால் பழுது இருக்கிறது என்று பொருள். ஒருவனுக்குப் 'பணி கிட்டி' என்றால் அவன் வசமாக மாட்டிக்கொண்டான் என்று பொருள். 20 வருடங்களாக மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைப்பவள் நான். ஒரு பணியும் இல்லாத பழைய வண்டி உலகத்தில் கிடையாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வண்டியின் பெட்ரோல் டாங்கில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. என் முகமும் அதில் தெரிந்தது.

எனக்கு வயது 44. உயரம் 5 அடி 1 அங்குலம். வீடு கோவையில். இரண்டு மாநில எல்லையில் நடப்பதை எழுதுவது தொழில் என்பதால் வாரத்தில் இரண்டு நாளாவது வாளையாறோ கோபாலபுரமோ தாண்ட வேண்டியிருக்கிறது. இதுவரை கியர் இல்லாத ஸ்கூட்டர், மற்றபடி பஸ். சென்ற ஆண்டு மறையூரில் ஒரு சாயங்காலம் உடுமலைப்பேட்டை பஸ்ஸைத் தவறவிட்டு, காய்கறி வேன் டிரைவரிடம் கெஞ்சி இடம் பிடித்து வந்தபோது, சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று முடிவு செய்தேன். இப்படித்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். உண்மைக் காரணம் பழையது. என் 19 வயதில், அப்பாவின் புல்லட்டை ஓட்டிப் பார்க்கக் கேட்டேன். வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் இருந்த அந்தக் காலத்து வண்டி. அப்பா மறுக்கவில்லை. வாசலில் அதை மெதுவாகத் தரையில் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு, "தூக்கி நிறுத்து, அப்புறம் ஓட்டலாம்" என்றார். என்னால் முடியவில்லை. அவர் சிரிக்கக்கூட இல்லை. தானே தூக்கி நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் காலமாகி வண்டியும் விற்றுப்போய்ப் பல வருடங்கள் ஆகின்றன.

எனவே ஓட்டுநர் உரிமத்தில் கியர் வண்டிக்கான அனுமதியைச் சேர்த்துக்கொண்டேன். 8 போட்டுக் காட்டியபோது ஒரு முறை காலை ஊன்றிவிட்டேன், மறுபடி வரச் சொன்னார்கள், மறுபடி போனேன். அடுத்து வண்டி தேட ஆரம்பித்தேன். க்ரூசர் வகைதான் வேண்டும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

க்ரூசர் என்ற சொல்லுக்கு என்னிடம் உள்ள அகராதிகளில் போர்க்கப்பல்தான் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் அது, தாழ்ந்த இருக்கை, உயர்ந்த ஹேண்டில்பார், முன்னே தள்ளி வைத்த கால் தாங்கி, நீண்ட உடல் என்று அர்த்தமாகும். அமெரிக்கப் பெருஞ்சாலைகளுக்காக உருவான வடிவம். இடுக்கியில் பூப்பாறைப் பக்கம் ஒருவரிடம் போனில் "பழைய க்ரூசர் ஏதாவது விலைக்கு வருமா" என்று கேட்டேன். பத்து பேர் ஏறும் டிராக்ஸ் க்ரூசர் ஜீப் ஒன்றின் படத்தை அனுப்பி, டிரைவரும் வேண்டுமா என்று விசாரித்தார். மலையில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம்.

உண்மையான க்ரூசர் இந்தியாவில் சாமானியர் கைக்கு வந்து கால் நூற்றாண்டுதான் ஆகிறது. புல்லட் 1955இலிருந்து சென்னையில் தயாராகி வந்தாலும் அது நிமிர்ந்து உட்காரும் வண்டி. ராணுவத்துக்கும் போலீசுக்கும் பண்ணையாருக்கும் ஏற்றது. 2001இல் கவாஸாகியுடன் சேர்ந்து பஜாஜ் கொண்டுவந்த 175 சிசி எலிமினேட்டர்தான் காலை நீட்டி உட்காரும் சுகத்தைக் காட்டியது. விலை அதிகம் என்பதால் ஓடவில்லை. 2005இல் அதே உடலில் பல்சரின் எஞ்சினை வைத்து, விலையைக் குறைத்து அவெஞ்சர் என்று விட்டார்கள், அது ஓடியது. ராயல் என்ஃபீல்டு 2002இல் தண்டர்பேர்டைக் கொண்டுவந்து, 2020 நவம்பரில் அதன் இடத்தில் மீட்டியோர் 350ஐ வைத்தது. பழைய வண்டிச் சந்தையில் முதல் க்ரூசர் தேடுபவருக்கு நடைமுறையில் இந்த மூன்று பெயர்கள்தான்: அவெஞ்சர், தண்டர்பேர்டு, கொஞ்சம் பணம் இருந்தால் மீட்டியோர்.

எனக்குத் துணை வந்தவர் சித்தூர் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அறுபது தாண்டிய மெக்கானிக். தாய்மொழி தமிழ், படித்தது மலையாளம், திட்டுவது இரண்டிலும். இந்த எல்லையில் அது சாதாரணம். 1956 நவம்பர் 1ஆம் தேதிக்கு முன் பாலக்காடு நகரம் சென்னை மாநிலத்திலும், பக்கத்திலேயே இருக்கும் சித்தூரும் அந்தப் பக்கம் மலை மேல் தேவிகுளமும் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தன. கோடு மாறியது, குடும்பங்கள் மாறவில்லை. இன்றும் கேஎல் என்று தொடங்கும் எண் பலகைக்குப் பின்னால் தமிழ்க் குடும்பம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

"அம்மிணி, வண்டிய ரசிக்கறது அப்பறம். மொதல்ல எஞ்சின் மேல கைய வைங்க" என்றார் மெக்கானிக். வைத்தேன். சூடாக இருந்தது.

"பாத்தீங்களா. நாம வர்றதுக்கு முன்னாலயே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கறான். காலைல பச்சைத் தண்ணி மாதிரி இருக்கறப்ப வண்டி என்ன சத்தம் போடுது, என்ன பொகை விடுதுன்னு நமக்குத் தெரியக் கூடாதுங்களே."

நீல நிறப் புகை என்றால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. குளிரில் வரும் தட்டல் சத்தம் எஞ்சின் சூடானதும் அடங்கிவிடலாம். ஆகவே பழைய வண்டி பார்க்கப் போகிறவர் காலையில், முன்னறிவிப்பைக் குறைத்துக்கொண்டு போவது நல்லது. பெண் பார்க்கப் போவதற்கு நேர் எதிரான மரியாதை.

இளைஞர் எங்கள் பேச்சைப் பொருட்படுத்தவில்லை. அவர் மெக்கானிக்கைப் பார்த்து, "சேட்டனுக்கா?" என்று கேட்டார். எனக்கு என்றதும் என்னை ஒரு முறை, வண்டியை ஒரு முறை பார்த்தார். விலை எண்பத்தைந்தாயிரம் என்றார். 2014ஆம் வருடத்துத் தண்டர்பேர்டு 350, சிங்கிள் ஓனர், 31 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது.

ஓட்டிப் பார்த்தேன். இதை மறைப்பதில் பயனில்லை: அந்தப் பதினைந்து நிமிடம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் வாசல் பாலக்காட்டுக் கணவாய். தை மாதத்தில் அதன் வழியே கிழக்குக் காற்று விடாமல் அடிக்கிறது. கோபாலபுரத்தை நோக்கிய சாலையில் காற்று நேராக நெஞ்சில் மோத, இரு பக்கமும் பனை மரங்கள், தென்னந்தோப்புகள், நெல் வயல்கள். சாலை தட்டை. 350 சிசி எஞ்சின் நான்காம் கியரில் தடதடவென்று போகும்போது, 190 கிலோவுக்கு மேற்பட்ட அதன் எடை எனக்குத் தெரியவே இல்லை. காற்றில் ஸ்கூட்டர் ஆடும், இது ஆடவில்லை. எடை ஒரு வரம் என்று தோன்றியது.

திரும்பி வர வேண்டிய இடத்தில் பாசனக் கால்வாய்க் கரைக்கு ஏறும் மண் பாதை ஒன்று இருந்தது. அதில் கொஞ்சம் ஏறி, வட்டம் அடித்துத் திரும்பலாம் என்று நினைத்தேன். சரிவில், ஹேண்டில்பார் முழுக்க இடது பக்கம் திரும்பியிருக்க, எஞ்சின் நின்றது. இடது காலை ஊன்றினேன். சுமார் 770 மில்லிமீட்டர் உயர இருக்கையிலிருந்து சமதரையில் என் முன்பாதம் ஊன்ற முடிந்தது. சரிவின் கீழ்ப்பக்கம் அந்தத் தரை இன்னும் நாலு விரற்கடை கீழே இருந்தது. கால் ஜல்லியில் வழுக்கியது. வண்டி சாய்வதை இரண்டு விநாடி நான் தாங்கினேன் என்று நினைக்கிறேன். பிறகு தாங்குவதை விட்டுவிட்டு விலகினேன். அது ஒன்றுதான் அன்று நான் செய்த புத்திசாலித்தனம்.

தென்னை ஏறும் இருவரும் ஒரு பால்காரரும் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். கிளட்ச் லீவர் உடைந்திருந்தது, இண்டிகேட்டர் தொங்கியது. நான் நடந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் இளைஞரின் முகம் மாறியது. 900 ரூபாய் கொடுத்தேன். கேட்காமலே கொடுத்ததால் அவருக்கும் சங்கடமாகிவிட்டது.

அதன் பிறகும் அந்த வண்டிதான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். மெக்கானிக் பதில் சொல்லாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கால் மணி நேரம் வண்டியைச் சுற்றி வந்தார். செயின் சக்கரத்தின் பற்களைத் தடவினார். அவை கொக்கி போல வளைந்திருந்தால் தேய்மானம். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை இரு பக்கமும் திருப்பி, கோன் செட் இடறுகிறதா என்று பார்த்தார். கால் தாங்கியின் ரப்பரைப் பார்த்தார். 31 ஆயிரம் கிலோமீட்டரில் ரப்பர் அவ்வளவு மழுங்காது என்றார். மீட்டரைத் திருத்தலாம், ரப்பரைத் திருத்த யாருக்கும் தோன்றாது. கடைசியில் ஹெட்லைட்டைக் கழற்றினார். கிண்ணத்தின் அடியில் விரலை வைத்து எடுத்துக் காட்டினார். காய்ந்த வண்டல், மாவு போல.

ஆர்சியை வாங்கிப் பார்த்தேன். அப்போதுதான் வண்டியின் எண்ணை ஒழுங்காகப் படித்தேன். கேஎல்-41. பாலக்காடு 09, சித்தூர் 70, தேவிகுளம் 68. 41 என்பது ஆலுவா. 2018 ஆகஸ்ட் 9ஆம் தேதி, 26 வருடங்களுக்குப் பிறகு இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகுகள் திறக்கப்பட்டன. அடுத்த வாரம் பெரியாறு ஆலுவாவுக்குள் புகுந்தது. வீடுகளைக் கழுவி முடித்த பின், மூழ்கிய வண்டிகள் துடைக்கப்பட்டு, பெயிண்ட் அடிக்கப்பட்டு, தண்ணீர் ஏறாத மாவட்டங்களின் சந்தைகளுக்கு வந்தன. எஞ்சினுக்குள் வண்டல், பேரிங்குகளில் துரு, வயரிங்கில் எப்போது வேண்டுமானாலும் வரக்கூடிய கோளாறு. எதுவும் வெளியே தெரியாது. இந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் கடைசி முத்திரை 2018 ஜூன்.

இளைஞரிடம் கேட்டேன். அவசரத்தில் என் மலையாளமும் தமிழும் கலந்துவிட்டன. "இது வெள்ளத்துல மூழ்கின வண்டியா?"

அவர் ஆச்சரியத்துடன் சொன்னார்: "திவசவும் வெள்ளத்திலல்லே சேச்சீ கழுகுன்னது!"

மெக்கானிக் வாயைப் பொத்திக்கொண்டார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் சாதாரணத் தண்ணீர். திவசம் என்றால் நாள். கழுகுவது என்றால் கழுவுவது. தினமும் தண்ணீரில்தானே கழுவுகிறோம் என்கிறார் அவர். ஊர் முழுகும் வெள்ளத்துக்கு அவர்கள் பிரளயம் என்பார்கள். அந்தச் சொல்லைப் போட்டு மறுபடி கேட்டதும் அவர் குரல் இறங்கிவிட்டது. தான் வாங்கும்போது யாரும் சொல்லவில்லை என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆர்சியில் அவர் இரண்டாவது உரிமையாளர். 'சிங்கிள் ஓனர்' என்று அவரிடமும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

விலையைப் பத்தாயிரம் குறைத்தார். மேலும் ஒரு வசதி செய்வதாகச் சொன்னார்: தேதி போடாமல் கையெழுத்திட்ட படிவங்களைக் கொடுத்துவிடுகிறேன், பெயர் மாற்றத்தைச் சௌகரியப்படும்போது செய்துகொள்ளுங்கள். எல்லை ஊர்களில் இந்த வசதி பிரசித்தம். மாநிலம் விட்டு மாநிலம் மாற்றும் அலைச்சலுக்குப் பயந்து, கேரளப் பதிவுள்ள வண்டியை அப்படியே பல வருடம் ஓட்டுகிறவர்கள் பொள்ளாச்சியில் உண்டு, தமிழ்நாட்டு எண்ணுடன் ஓட்டுகிறவர்கள் சித்தூரில் உண்டு. சட்டம் வேறு மாதிரிச் சொல்கிறது. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விற்றவர், அதே மாநிலம் என்றால் 14 நாளுக்குள், வேறு மாநிலம் என்றால் 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் வாங்கியாக வேண்டும். விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டுக்கு, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அந்தக் கையெழுத்துப் படிவங்கள் வாங்குபவரைவிட விற்பவருக்கே பெரிய ஆபத்து. இளைஞருக்கு இதைச் சொன்னேன். அவர் நான் பேரம் பேசுவதாக நினைத்து இன்னும் இரண்டாயிரம் குறைத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது மெக்கானிக் கேட்டார்: "அம்மிணி, நீங்க வண்டிய எங்க ஓட்டப் போறீங்க?"

"எல்லா இடத்துலயும்தான்."

"இல்லைங்க. எந்த எடத்துல பயந்துக்குவீங்க?"

மறையூர் மலை என்றேன். "அப்பறம் எதுக்குங்க பாலக்காட்டுல போயி ஓட்டிப் பாக்கறீங்க?" என்றார்.

வரைபடத்தில் பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. கேரளத்துக்குள்ளேயே போவதென்றால் இடையில் திருச்சூரும் எர்ணாகுளமும் வரும். எல்லையோரமாகப் போவதென்றால் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாக மறுபடி மலை ஏற வேண்டும். அமராவதியைத் தாண்டியதும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், பிறகு சின்னாறு சோதனைச் சாவடி, கேரளத்தின் சின்னாறு வனவிலங்கு சரணாலயம். மழை மறைவுப் பிரதேசம் என்பதால் முட்காடு. கேரளம் என்று சொன்னால் நம்ப முடியாத வறட்சி. மேலே ஏற ஏற மறையூரின் கரும்புத் தோட்டங்கள், வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள், வேலிக்குள் சந்தனக் காடு. அதற்கும் மேலே மூணாறு வரை தேயிலை. உடுமலையிலிருந்து மூணாறு ஏறத்தாழ 85 கிலோமீட்டர். அதற்குள் சாலை ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறது.

க்ரூசர் பிறந்தது இந்தச் சாலைக்காக அல்ல. நீண்ட உடல் என்பதால் கொண்டை ஊசி வளைவில் அதற்கு அகலமான இடம் தேவை. அதிகம் சாய்த்தால் கால் தாங்கி தரையில் உரசும். பின்பக்க ஷாக் அப்சார்பர் குட்டை என்பதால் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் பதிவாகும். நியாயமாகப் பார்த்தால் மலைக்கு வேறு வண்டி வாங்க வேண்டும். ஆனால் புதிதாக ஓட்டுகிறவர் விழுவது வேகத்தில் குறைவு, நிற்பதில் அதிகம். ஏற்றத்தில் நின்று, வலது காலால் பின் பிரேக்கை அழுத்திப் பிடித்து, இடது காலை ஊன்றி, கிளட்சை மெல்ல விட்டுப் புறப்பட வேண்டிய அந்தச் சில விநாடிகளில் உள்ளங்கால் முழுதாகத் தரையில் பதிகிறதா என்பதே கேள்வி. அங்கே தாழ்ந்த இருக்கை, குட்டையான என் போன்றவர்களுக்கு உயிர் காக்கிறது. எடை, அதே இடத்தில், எதிரியாகிறது.

மறையூரில் நாங்கள் பார்த்த வண்டி 2016ஆம் வருட அவெஞ்சர் 220. கேஎல்-68. அதை ரசிக்க எதுவும் இல்லை. டாங்கில் பள்ளம், சீட்டில் கிழிசல், அதற்கு மேல் சைக்கிள் கடையில் தைத்த உறை. உரிமையாளர் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகன், இருபத்தைந்து வயதிருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறார். இங்கிருந்து அந்த வழியில் போகிறவர்கள் நிறைய. தம்பி, எஞ்சினில் கை வைக்கலாமா என்று கேட்டேன். "வைங்கக்கா, ராத்திரிலேர்ந்து எடுக்கலை" என்றார். பனி பட்டுச் சில்லென்று இருந்தது.

"பணி இருக்குக்கா" என்று ஆரம்பித்தார் அவர், கேட்காமலே. அந்த ஊர்த் தமிழில் அந்தச் சொல் மலையாள அர்த்தத்திலேயே புழங்குகிறது. "பின்னாடி ஷாக் ரெண்டும் போயிருச்சு. முன்னாடி ஃபோர்க்குல ஆயில் சீல் கசியுது. செயின் ஸ்பிராக்கெட் மாத்தணும். டயர் வண்டியோட வந்ததேதான்." டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த நான்கு எண்களைப் பார்த்தேன்: 1816. 2016ஆம் வருடத்தின் 18ஆவது வாரத்தில் தயாரானது என்று அதற்குப் பொருள். பட்டன் தேய்மானம் குறைவுதான், ஆனால் ரப்பரில் நரம்பு போல வெடிப்புகள். "பேட்டரி மட்டும் போன வருசம் புதுசு போட்டேன்" என்றார். ஒரே ஒரு நல்ல செய்தி, குறித்துக்கொண்டேன்.

சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்சியோடு ஒப்பிட்டோம். பரிவாகன் தளத்தில் அபராதம் ஏதும் பாக்கி இல்லை, வங்கிக் கடன் தீர்ந்திருந்தது. ஒரு குறை என் மனத்தில் நெருடியது. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். திடீரென்று பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏற்பாடு அது. புதியவருக்கு அதைவிட உபயோகமான கருவி கிடையாது. 2016 வண்டியில் அது இல்லை. கையில் இன்னும் அறுபதாயிரம் இருந்திருந்தால் ஏபிஎஸ் உள்ள ஒரு மீட்டியோரைத் தேடிப் போயிருப்பேன், மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன்.

மூணாறு சாலையில், தேயிலை தொடங்கும் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். 160 கிலோவை ஒட்டிய எடை. இருக்கை உயரம் 730 மில்லிமீட்டர் சொச்சம். முதல் ஏற்றத்தில் நிறுத்திப் புறப்படும்போது எஞ்சின் அணைந்தது. இரண்டாவது முறையும் அணைந்தது. பின்னால் வந்த ஜீப் ஹாரன் அடித்தது. ஆனால் இரண்டு தடவையும் வண்டி சாயவில்லை. உள்ளங்கால் முழுதாகத் தரையில் இருந்தது. மூன்றாவது முறை ஏறியது. பின் ஷாக் பற்றி அந்தத் தம்பி சொன்னது பொய்யில்லை என்று ஒவ்வொரு பள்ளத்திலும் தெரிந்தது.

திரும்பி வந்ததும் மெக்கானிக் செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டின் முன் புல்தரையில் வண்டியை மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்தார். தம்பியின் முகத்தில் வலி தெரிந்தது. வாசலில் நின்ற அவருடைய அம்மா, "எதுக்குங்கய்யா?" என்றார்.

"தூக்குங்க அம்மிணி" என்றார் மெக்கானிக்.

25 வருடங்களுக்கு முன் செய்தது போலவே ஹேண்டில்பாரைப் பிடித்து மேலே இழுத்தேன். அசையவில்லை. "அப்பிடி இல்லீங்க" என்றவர், வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தச் சொன்னார். இடுப்பு சீட்டின் விளிம்பில் பதிய வேண்டும். ஒரு கையில் ஹேண்டில்பார், மறு கையில் பின்பக்கக் கம்பி. கையால் தூக்கக் கூடாது. கைகள் பிடித்துக்கொள்ள மட்டும். கால்களை ஊன்றி, சுவரைத் தள்ளுவது போலப் பின்பக்கமாகச் சிறு சிறு அடி வைத்துத் தள்ள வேண்டும். வண்டி மறுபக்கம் விழாமலிருக்க ஸ்டாண்டை முன்கூட்டியே எடுத்துவிட்டிருந்தார்.

நின்றது. நானும் நின்றேன். மூச்சு வாங்கியது. அப்பாவுக்கு இந்த வித்தை நிச்சயம் தெரிந்திருக்கும். ஏன் சொல்லித் தரவில்லை என்று மறையூரில் நின்றுகொண்டு கேட்பதில் அர்த்தமில்லை.

ஐம்பத்தெட்டாயிரம் கேட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான புது வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்கியதில் பழைய வண்டி விலையும் இறங்கியிருக்கிறது என்று பேசினேன். அவர் அதையும் அறிந்திருந்தார். டயர், ஷாக், செயின் செலவைக் கணக்கிட்டு 49 ஆயிரத்துக்கு முடிந்தது. பணத்தை எண்ணாமல் அம்மாவிடம் கொடுத்தார். அந்த அம்மா எண்ணினார்.

தடையில்லாச் சான்றுக்கான 28ஆம் எண் படிவம், உரிமை மாற்றத்துக்கான 29, 30 ஆகியவற்றில் தேதியோடு கையெழுத்து ஆயிற்று. சான்று கைக்கு வரும்வரை வண்டி அங்கேயே நிற்கட்டும் என்றேன். தமிழ்நாட்டில் மறுபதிவுக்கு வண்டியின் வயதைப் பார்த்து மறுபடி ஆயுள் வரி கட்ட வேண்டும். கேரளத்தில் கட்டியதில் மிச்சக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். இந்தச் செலவையும் சேர்த்துப் பார்க்காமல் எல்லை தாண்டி 'மலிவாக' வாங்குகிறவர்கள் பிறகு விழிப்பதை நிறையப் பார்த்திருப்பதாக மெக்கானிக் சொல்கிறார்.

ஆறு வாரம் கழித்துச் சான்று வந்தது. புது டயர்களைச் சுமந்துகொண்டு மறையூர் பஸ்ஸில் போய் இறங்கினேன். மெக்கானிக்குக் கல்யாண வேலை, வரவில்லை. தம்பி திருப்பூரில் இருந்தார். அவருடைய தம்பி, பிளஸ் டூ படிக்கும் பையன், வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தான். மறையூரிலேயே டயர் மாற்றினோம். எஞ்சின் சூடாக இருந்தது. "நீங்க வர்றீங்கன்னு ஒரு ரவுண்டு எடுத்து வச்சேன்க்கா" என்றான் அன்பாக.

சின்னாறு வரை இறக்கம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியரில், வளைவு முடியும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். சக்கரத்தின் முன்னால் உள்ள பள்ளத்தைப் பார்த்தால் வண்டி அங்கேதான் போகும். இது வாங்கிய பிறகு கற்றுக்கொண்டது. சோதனைச் சாவடியில் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்ட வனக்காவலர், "தனியாவா சேச்சி? முன்னால ஆனை நிக்குது. எஞ்சின ஆஃப் பண்ணிட்டுப் பத்து நிமிஷம் இருங்க" என்றார். அணைத்தேன். ஒரு அரசு பஸ்ஸும் இரண்டு கார்களும் பின்னால் நின்றன. வெயிலில் முட்காடு மணத்தது. யானையை நான் பார்க்கவில்லை. கிளை முறியும் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

காவலர் கையசைத்தார். ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினேன். டிக் என்ற ஒரு சத்தம். மறுபடி அழுத்தினேன், அதுவும் இல்லை. அவெஞ்சரில் கிக்கர் கிடையாது. ஆறு வாரம் கொட்டகையில் நின்ற வண்டியில், போன வருடம் புதிதாகப் போட்ட பேட்டரியை மட்டும் நாங்கள் யாருமே பார்க்கவில்லை.

பஸ் கண்டக்டரும் காவலரும் இறங்கி வந்தார்கள். "செகண்ட் கியர் போட்டு கிளட்ச்சப் பிடிச்சுக்குங்க. தள்ளி விட்டு நாங்க சொல்றப்ப விடுங்க" என்றார் கண்டக்டர். இறக்கம்தான். இரண்டு பேர் போதுமாக இருந்தது.